பானட்டுக்குள் படியும் புழுதி

காரின் எஞ்சின் அறையில் சேரும் அழுக்கில் ஒரு பகுதி காற்று கொண்டுவருவது, மீதி எஞ்சினே கசியவிடுவது. ரேடியேட்டர் விசிறி இழுக்கும் காற்றோடு புழுதி உள்ளே வருகிறது. கேஸ்கெட் ஓரங்களிலும் எண்ணெய் ஊற்றும் மூடியைச் சுற்றியும் மெல்லக் கசியும் ஆயில் அந்தப் புழுதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. எஞ்சின் சூட்டில் இரண்டும் சேர்ந்து வெந்து, நாளடைவில் தார் போன்ற கறுத்த பூச்சாக மாறுகின்றன. இதனால் வண்டி உடனே நின்றுவிடுவதில்லை என்பதால் பலரும் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் அழுக்குப் பூச்சு சூட்டை வெளியேறவிடாது. புதிதாக எங்காவது ஆயில் கசியத் தொடங்கினால் அதைக் காட்டிக்கொடுக்காமல் மறைத்துவிடும். உலர்ந்த சருகும் தேங்காய் நாரும் சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தருகே சேர்ந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு.

எந்த ஊரில் வண்டி ஓடுகிறது என்பதைப் பொறுத்து அழுக்கும் மாறும். உதாரணமாக, கேரளத்தின் பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தில், கோவை மாவட்ட எல்லையை ஒட்டி இருக்கிறது வேலந்தாவளம். கேரளம் என்றதும் நினைவுக்கு வரும் மழை இந்தப் பக்கம் குறைவு. முப்பது கிலோமீட்டருக்கும் மேல் அகன்று கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று வீசும்; ஆனி, ஆடியில் அதே கணவாய் வழியே மேற்கிலிருந்து காற்று திரும்பி அடிக்கும். இதே வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கங்களில் கரிசல் மண்ணும் உண்டு. காய்ந்தால் மாவாகப் பறக்கும் கரிசல், ஈரம் பட்டால் களிமண்ணாக ஒட்டிக்கொள்ளும். எஞ்சின் மேல் படிந்த கரிசல் புழுதியில் எடுத்தவுடன் ஹோஸ் பைப்பைத் திருப்பினால், தூசி போவதற்குப் பதில் சேறாகி இடுக்குகளில் இறங்கி அங்கேயே காய்ந்துவிடும். இடுக்கி எல்லையில், போடிமெட்டு, தேவிகுளம், மூணாறு மலைச்சாலைகளில் ஓடும் வண்டிகளின் கதை வேறு. அங்கே புழுதி குறைவு. ஈர இலைகளும் பாசியும்தான் தொல்லை.

தண்ணீரைப் பற்றியும் யோசிக்க வேண்டிய வட்டாரம் சித்தூர். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கணக்கெடுப்புகளில் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்ட பகுதியாகக் குறிக்கப்பட்டது சித்தூர் வட்டாரம். கோகோ கோலா ஆலைக்கு எதிராக 2002-ல் போராட்டம் தொடங்கி, 2004-ல் ஆலை உற்பத்தியை நிறுத்திய பிளாச்சிமடாவும் இதே சித்தூர் வட்டத்தில்தான் இருக்கிறது. நகரங்களிலும் நிலைமை மாறிவருகிறது: 2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் கார் கழுவுவதைத் தடைசெய்து 5,000 ரூபாய் அபராதம் அறிவித்தது. எஞ்சின் அறையைப் பொறுத்தவரை நீர்ச் சிக்கனமும் வண்டியின் நலனும் ஒரே திசையில்தான் செல்கின்றன. முறையாகச் செய்தால் இந்த வேலைக்கு அரை வாளித் தண்ணீர் போதும்.

தண்ணீரைப் பீய்ச்சி எஞ்சினைக் கழுவும் வழக்கம் அம்பாசிடர், பத்மினி காலத்திலிருந்து வந்தது. கார்புரேட்டர் எஞ்சின்களில் நனைந்தால் தொல்லை தரக்கூடியவை டிஸ்ட்ரிபியூட்டரும் பிளக் ஒயர்களும்தான். வண்டி கிளம்பாவிட்டால் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தால் ஓடிவிடும். இன்றைய எஞ்சின் அப்படியல்ல. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளை நிறைவேற்ற, காற்றின் அளவு, எரிபொருள் அழுத்தம், புகையின் தன்மை என ஒவ்வொன்றையும் அளக்கும் சென்சார்கள் எஞ்சினைச் சுற்றிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. அவற்றை எல்லாம் இணைக்கும் ஒயரிங், மூளையாகச் செயல்படும் ஈசியூ, ஃபியூஸ் பெட்டி, ஆல்டர்னேட்டர் எல்லாமே பல கார்களில் பானட்டுக்குக் கீழேதான். ஒரு கனெக்டர் பின்னில் பச்சை பூத்தாலும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். துடைத்தால் சரியாகும் கோளாறு இது அல்ல.

மழையில் ஓடும் வண்டிக்கு நனைந்தால் என்ன என்ற கேள்வி எழும். கார் கனெக்டர்கள் பலவும் ஐபி 67 தரத்தில் செய்யப்படுகின்றன. தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும் என்பது அதன் பொருள். ஆனால் வேகமாகப் பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்று அந்தத் தரம் உறுதி தரவில்லை. அதற்கு வேறு தரம் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாய் நீருக்கு ஒரு பார் அழுத்தம்கூட இருக்காது. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் பிரஷர் வாஷர்களோ 100 பாருக்கு மேல் பீய்ச்சுகின்றன. மேலும், புதிதில் இறுக்கமாக இருக்கும் ரப்பர் சீல்கள் எட்டுப் பத்து ஆண்டு எஞ்சின் சூட்டில் விறைத்து வெடித்திருக்கும். பிரஷர் வாஷரை எஞ்சின் அறைப் பக்கம் கொண்டுபோகாமல் இருப்பதே வீட்டில் செய்பவருக்கு ஏற்றது.

வேலையைத் தொடங்க ஏற்ற நேரம், வண்டி ஓடி நின்று ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து. ஓடிய வண்டியில் கூலன்ட் 90 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கும். புகை வெளியேறும் மேனிஃபோல்டு அதைப் போலப் பல மடங்கு கொதிக்கும். அதன் மேல் குளிர்ந்த நீர் பட்டால் வார்ப்பிரும்பில் விரிசல் விழலாம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். எஞ்சினின் மேல் உள்ளங்கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்தால் சூடு சரியான அளவில் இருக்கிறது. நிழலில், சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை எடுத்துவிட வேண்டும். எஞ்சின் நின்ற பிறகும் ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழலும் கார்கள் உண்டு. விரல் போவது இப்படித்தான்.

ஈரம் படும் வேலை இருந்தால் பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றி வைப்பது நல்லது. கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ் முனையை முதலில் கழற்றப்போனால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். சில புதிய கார்களில் பேட்டரியைக் கழற்றினால் பவர் விண்டோவையும் ரேடியோவையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும் என்பதால், வண்டியோடு தந்த கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொட வேண்டும். மின்கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஆரஞ்சு நிற உறை போட்ட தடித்த கேபிள்கள் இருக்கும். அவை நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் ஓடுபவை. அத்தகைய வண்டிகளில் பிளாஸ்டிக் மூடிகளின் மேல் தூசி தட்டுவதோடு வீட்டு வேலை முடிந்தது. மற்றவை கம்பெனி சர்வீஸ் சென்டரின் பொறுப்பு.

முதல் கட்டம் முழுக்க உலர்ந்த வேலை. பெரும்பாலான கார்களுக்கு இதுவே போதும். வைப்பருக்குக் கீழே, கண்ணாடியின் அடியில் இருக்கும் நீளமான பிளாஸ்டிக் சல்லடையிலிருந்து தொடங்கலாம். மரத்தடியில் நிற்கும் வண்டிகளில் வேப்பிலையும் புளிய இலையும் அங்கேதான் குவியும். அதன் இரு ஓரங்களிலும் மழைநீர் இறங்கும் ஓட்டைகள் இருக்கின்றன. அவை அடைபட்டால் நீர் தேங்கி, ஏசி காற்று போகும் வழியாகக் காருக்குள் கசிந்து, கால்மிதியை நனைத்துவிடும். இடுக்கி மலைப்பகுதிகளில் இந்த ஓட்டைகளை மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை பார்ப்பது கட்டாயம். அடுத்து, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசியைத் தள்ளி, வாக்குவம் கிளீனர் இருந்தால் அதன் குறுகிய முனையால் உறிஞ்சிக்கொள்ளலாம். புளோயரும் பயன்படும், கனெக்டர்களுக்கு மிக அருகில் பிடிக்காத வரை. மூக்குக்கும் கண்ணுக்கும் காப்பு வேண்டும்.

ஏர் ஃபில்டர் பெட்டியின் வெளிப்புறத்தைத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். அவசரத்தில் முதலில் திறந்தால், மூடிமேல் இருந்த மண் நேராக எஞ்சினின் மூச்சுக்குழாயில் விழும். ஆயில் மூடிக்கும் டிப்ஸ்டிக்குக்கும் இதே விதிதான். காகித ஃபில்டரை நனைக்கக் கூடாது. தட்டிப் பார்த்துத் தூசி கொட்டிக்கொண்டே இருந்தால் மாற்ற வேண்டியதுதான். கையேட்டில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் கணக்கு சாதாரணச் சாலைகளுக்கானது. கிழக்குப் பாலக்காட்டின் தோட்டப் பாதைகளில் ஓடும் வண்டிக்கு அதற்கு முன்பே மாற்றம் தேவைப்படும்.

எலி வந்துபோன அறிகுறி தெரிந்தால் மட்டும் இந்த உலர் முறையை நிறுத்திவிட வேண்டும். வைக்கோல், தீவனம், தேங்காய் மட்டை அடுக்கிய கொட்டகை அருகே நிற்கும் காரில் எலி கூடு கட்டுவது அபூர்வமல்ல. குளிர்காலத்தில் மலைப்பகுதிகளில் எஞ்சின் சூட்டுக்காகவும் ஏறும். எலியின் சிறுநீர் வழியாகப் பரவுவது எலிக்காய்ச்சல். கேரளத்தில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் தலைதூக்கும் நோய் அது. 2018 வெள்ளத்துக்குப் பின் டாக்சிசைக்கிளின் மாத்திரையைத் தடுப்பாகப் பெருமளவில் கொடுத்தார்கள். அந்தக் கிருமி ஈரத்தில் உயிரோடு இருக்கும், தோலில் உள்ள சிறு கீறல் வழியே உடலுக்குள் புகும். எனவே ரப்பர் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, கூட்டையும் புழுக்கையையும் கிருமிநாசினி நீர் தெளித்து நனைத்த பின் காகிதத்தால் அள்ளிப் புதைக்க வேண்டும். பெருக்குவதோ புளோயர் அடிப்பதோ கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரைப் பயன்படுத்தினால், உலோகம் அரிக்காமலிருக்க நல்ல நீரில் தோய்த்த துணியால் பிறகு துடைக்க வேண்டும். எலியை விரட்டப் பூச்சி உருண்டையைக் கட்டித் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. ஏசிக்குக் காற்று எடுக்கும் வாய் பக்கத்திலேயே இருப்பதால் அந்த நெடி காருக்குள் வந்து, அமர்ந்திருப்பவருக்குத் தலைவலி தரும். எலி போகிறதோ இல்லையோ, மனிதர் இறங்கிவிடுவார். கூட்டை முழுதாக அகற்றுவதும், தீவனக் கொட்டகையிலிருந்து வண்டியைத் தள்ளி நிறுத்துவதுமே பலன் தரும். கடிபட்ட ஒயர் கண்ணில் பட்டால் இன்சுலேஷன் டேப் சுற்றிச் சமாளிக்காமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்ட வேண்டும்.

பேட்டரி முனைகளில் பூக்கும் வெள்ளை, பச்சை மாவு அமிலக் கசிவால் உண்டாவது. ஒரு டம்ளர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்து இளகும். கரைசல் பேட்டரியின் மூடித் துளைகளுக்குள் இறங்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்து, உலரவிட்டு, முனையை இறுக்கிய பின் மேலே சிறிது வாசலின் தடவினால் மறுபடி பூப்பது தாமதமாகும்.

இவ்வளவு செய்தும் பிசுக்கு இருந்தால்தான் டீகிரீசர் தேவை. இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லாரிகளின் அடிப்பாகத்துக்கும் பட்டைகளுக்கும் டீசல் அடிப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, எஞ்சினையும் டீசலாலோ மண்ணெண்ணெயாலோ துடைப்பது இயல்பாகத் தோன்றும். பிசுக்கு போகும் என்பது உண்மைதான். ஆனால் இன்றைய கார்களின் கூலன்ட் ஹோஸ்கள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. சூட்டையும் நீரையும் நன்றாகத் தாங்கும் அந்த ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பி இளகிவிடும். டீசல் படலம் மேலும் புழுதியை இழுக்கும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். பெட்ரோலைப் பற்றிப் பேசவே வேண்டாம். பூஜ்ஜிய டிகிரிக்குக் கீழேயும் தீப்பற்றக்கூடிய ஆவியை அது வெளியிடுகிறது. ஒரு ஸ்பேனர் உரசலே போதும். சலவை சோடாவும் காஸ்டிக் கலந்த கிளீனர்களும் அலுமினியத்தை அரித்துக் கறுக்கவைக்கும். எஞ்சினின் பெரும்பகுதி இன்று அலுமினியம்தான். நீரில் கலக்கும் வகை டீகிரீசரை வாங்கி, டப்பாவில் சொன்ன அளவுக்கு நீர் சேர்த்துப் பயன்படுத்துவதே பாதுகாப்பு.

டீகிரீசரைத் தொடும் முன் மூட வேண்டியவற்றை மூட வேண்டும்: ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, ஈசியூ, ஏர் ஃபில்டருக்குக் காற்று நுழையும் வாய், பெட்ரோல் எஞ்சினில் இக்னிஷன் காயில்கள். பால் பாக்கெட் போன்ற கெட்டியான பிளாஸ்டிக் உறையும் ரப்பர் பேண்டும் போதும். சிஎன்ஜி, எல்பிஜி வண்டிகளில் ரெகுலேட்டரையும் அதன் குழாய் இணைப்புகளையும் தொடாமல் விட வேண்டும். அங்கே வாயு மணம் அடித்தால் சுத்தம் செய்யும் வேலையே அன்று வேண்டாம். இந்தப் பட்டியலில் அதிகம் தவறவிடப்படுவது இக்னிஷன் காயில்தான். காயிலுக்குக் கீழே ஸ்பார்க் பிளக் ஓர் ஆழமான குழிக்குள் இருக்கிறது. அதில் நீர் இறங்கினால் வெளியேற வழியில்லை. கழுவிய அன்று நன்றாக ஓடிய வண்டி, மறுநாள் மேட்டில் ஏறும்போது ‘மிஸ்ஸிங்’ அடித்துத் திக்கித் திக்கி ஓடுவதற்கு இதுதான் காரணம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆனால் இன்ஜெக்டர் கனெக்டர்களுக்கு இதே காப்பு வேண்டும்.

டீகிரீசரை எஞ்சின் மேல் பொதுவாகத் தெளிப்பதைவிட பிரஷ்ஷிலோ துணியிலோ எடுத்து, பிசுக்கு இருக்கும் இடத்தில் மட்டும் பூசுவது மேல். கீழ்ப்பகுதியிலிருந்து மேல்நோக்கிப் பூசினால் வழிந்த கோடுகள் விழாது. இரண்டு மூன்று நிமிடம் ஊறவிடலாம், காயவிடக் கூடாது. வெயிலில் செய்யக் கூடாது என்பது இதற்காகத்தான். டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்தெடுக்க வேண்டும். துணியை அலசி அலசி இரண்டு மூன்று முறை துடைத்தால் தண்ணீரை ஊற்ற வேண்டிய தேவையே வராது. மிகக் கடினமான பிசுக்கு எஞ்சினின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தால், அங்கே கைத்தெளிப்பானால் மெல்லிய நீர்த்தூவல் கொடுக்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் இடங்களில், காயும் முன்பே துடைக்காவிட்டால் வெள்ளைத் திட்டு நின்றுவிடும்.

ரேடியேட்டருக்கும் அதன் முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் மட்டும் நீர் தேவைப்படலாம். செத்த பூச்சியும் பஞ்சும் புழுதியும் அடைத்த கண்டென்சர் ஏசியின் குளிர்ச்சியைக் குறைக்கும். அதன் அலுமினியத் தகடுகள் விரல் நகம் பட்டாலே மடங்கக்கூடியவை. குழாய் நீரை மென்மையாக, முடிந்தால் உள்பக்கத்திலிருந்து வெளிநோக்கி விட்டால், அடைப்பு வந்த வழியே திரும்பிப் போகும்.

துடைத்து முடித்ததும் உறைகளை எல்லாம் எண்ணிக் கழற்ற வேண்டும். ஏர் ஃபில்டர் வாயில் மறந்துபோன பிளாஸ்டிக் ஓர் எஞ்சினை மூச்சுத்திணறவைக்கும். பானட்டைத் திறந்தபடி ஒரு மணி நேரமாவது காற்றாட விட்டு, பேட்டரியை இணைத்து, எஞ்சினை ஐடிலிங்கில் பத்து நிமிடம் ஓடவிட்டால் மிச்ச ஈரம் சூட்டில் ஆவியாகும். இடையே எஞ்சின் விளக்கு நிலையாக எரியாமல் சிமிட்டினால் உடனே நிறுத்த வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கருக்குகிறது என்பதன் அடையாளம் அது. காற்று வாய் வழியே நீர் உள்ளே போயிருக்கும் என்ற சந்தேகம் வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. நீரை அமுக்க முடியாது. மேலே வரும் பிஸ்டன் நீரில் முட்டினால் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சினுக்குள் நீர் புகுந்த சேதத்தைச் சாதாரண வாகனக் காப்பீடு பெரும்பாலும் ஏற்பதில்லை. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகக் கூடுதல் பிரீமியம் கட்டியிருக்க வேண்டும்.

மினுக்குக்காக எஞ்சின் மேல் தேங்காய் எண்ணெயோ டீசலோ ஸ்பிரே பாலிஷோ தடவுவது வீண். இரண்டு நாள் பளபளக்கும், மூன்றாம் நாள் அதன் மேல் புழுதி அப்பிக்கொள்ளும். பிளாஸ்டிக் மூடிகளுக்கு நீர் சார்ந்த டிரெஸ்ஸிங்கைத் துணியில் எடுத்து லேசாகப் பூசலாம். பெல்ட்டிலும் புல்லியிலும் பட்டுவிடக் கூடாது.

பிழிந்த அழுக்கு நீரில் ஆயிலும் கூலன்ட்டும் கலந்திருக்கும். கிணற்றடியிலோ தென்னம்பாத்தியிலோ மாட்டுத் தொட்டி அருகிலோ அதைக் கொட்டக் கூடாது. கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பாக இருப்பதால் நாயும் ஆடும் நக்கிவிடும், அது விஷம். ஆயில் தோய்ந்த துணிகளைச் சேர்த்துவைத்து, பழைய ஆயில் எடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

புழுதிக் காற்றடிக்கும் மாதங்களில் மாதம் ஒருமுறை உலர் தூசி தட்டலும், ஆண்டுக்கு ஒருமுறை டீகிரீசர் துடைப்பும் சாதாரணக் காருக்குப் போதுமானவை. சுத்தம் செய்த மறுநாள் காலையில், வண்டியை எடுக்கும் முன் பானட்டைத் திறந்து பார்ப்பது பயனுள்ளது. துடைத்த பரப்பில் புதிய கறை எங்கே தெரிகிறதோ, அதற்குச் சற்று மேலேதான் கசிவின் மூலம் இருக்கும்; மெக்கானிக்கிடம் இடத்தைக் காட்டிவிடலாம். பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் எஞ்சின் ஆயில். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறமேறிய நீராக இருந்தால் கூலன்ட். இளமஞ்சளாக, வழுவழுப்பாக, பிரேக் டப்பாவுக்குக் கீழே தெரிந்தால் பிரேக் ஆயில். அந்த வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழைக்க வேண்டும். ஏசி ஓடிய பிறகு தரையில் சொட்டும் நிறமற்ற நீர் மட்டும் கசிவல்ல, காற்றின் ஈரம் குளிர்ந்து வடிவது.